ஸ்கேன் எங்கே போய் விழவேண்டும்? பேக்கப்போடு மோதாத வழி எது

மல்லேஸ்வரத்து ஆடிட்டர் ஆபீஸ் ஆகட்டும், பீன்யாவில் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் கணக்குப் பிரிவு ஆகட்டும், பெங்களூரில் எட்டுப் பத்துப் பேர் உட்காரும் அலுவலகத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மூலையில் பிரிண்ட், நகல், ஸ்கேன் மூன்றும் செய்யும் ஒரு மல்டிஃபங்ஷன் மெஷின், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு நெட்வொர்க் சுவிட்ச், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு ஸ்கேன் ஃபோல்டர். வருடக்கணக்காக ஓடிய ஸ்கேன், புதிதாக பேக்கப் மென்பொருள் போட்ட வாரத்தில் நின்றுபோகும். மெஷினின் திரையில் 'சேருமிடத்தை அணுக முடியவில்லை' என்று வரும். வாசலில் கட்சிக்காரர் காத்திருக்கிறார், வேலை நடக்க வேண்டும் என்று யாராவது பேக்கப்பை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு நிறுத்தியதை மறுபடி ஓடவிட யாருக்கும் நினைவிருக்காது. ஹார்ட் டிஸ்க் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

இரண்டில் ஒன்றை விடவேண்டியதில்லை. ஸ்கேன் ஃபைல் எந்த வழியாக வந்து எந்த இடத்தில் இறங்குகிறது என்பதை மாற்றினால் போதும். அதற்கு ஐந்தாறு வழிகள் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது மோதல் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே முதலில் அதைக் கண்டுபிடிப்போம்.

மோதல் எங்கே

ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு தாள்களைத் தானே இழுக்கும் ஃபீடரில் 40 பக்கம் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஒரு பக்கம்கூடப் போகவில்லை என்றால் கோளாறு பாஸ்வேர்டு, ஃபயர்வால், ஐபி முகவரி, எஸ்எம்பி (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) பதிப்பு ஆகியவற்றில் ஒன்று. ஒரு பக்கம் போய், 40 பக்கம் பாதியில் அறுந்தால் ஃபைல் பூட்டு அல்லது நெட்வொர்க் நெரிசல். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடவில்லை என்றால் போர்ட் மோதல்: இரண்டு மென்பொருள்கள் ஒரே போர்ட்டை, அதாவது தொடர்பு உள்ளே வரும் எண்ணிட்ட ஒரே வாசலை, கேட்கின்றன, முதலில் எழுந்தது எதுவோ அது பிடித்துக்கொள்கிறது.

போர்ட் சந்தேகத்தைத் தீர்க்க விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் பக்கத்தில் 'லிசனிங் போர்ட்ஸ்' பட்டியலைப் பாருங்கள். எந்த போர்ட்டை எந்த மென்பொருள் பிடித்திருக்கிறது, ஃபயர்வால் அதை அனுமதிக்கிறதா என்று வரிவரியாகக் காட்டும். ஃபைல் பூட்டு என்று தோன்றினால் அதே ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கம் போய், 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் பெட்டியில் ஸ்கேன் ஃபைலின் பெயரை இடுங்கள். அந்த ஃபைலைக் கையில் வைத்திருக்கும் மென்பொருளின் பெயர் வந்து நிற்கும். மெஷின் பக்கத்திலிருந்து யார் திறந்திருக்கிறார்கள் என்பதை கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸுக்குள் இருக்கும் 'ஓபன் ஃபைல்ஸ்' காட்டும். 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஃபீடர் இழுக்க இழுக்க ஃபைல் வளர்வதும், நடுவில் இன்னொரு பெயர் வந்து அதைப் பிடிப்பதும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இங்கே ஒரு தவறான பழியை நீக்கிவிட வேண்டும். 'பேக்கப் ஃபைலைப் பூட்டுகிறது' என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இரவில் ஒருமுறை ஓடும் பேக்கப் பெரும்பாலும் பூட்டுவதில்லை. விண்டோஸின் ஷேடோ காப்பி வசதி டிஸ்கின் அந்த நொடி நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துக் கொடுக்கும். பேக்கப் அதிலிருந்துதான் படிக்கும். ஸ்னாப்ஷாட் எடுக்க டிஸ்க் எழுத்து நிற்பது அதிகபட்சம் 10 விநாடி. பூட்டுவது வேறு இனம்: ஃபைல் மாறிய உடனே நகலெடுக்கும் தொடர் பேக்கப்பும், கிளவுடுக்கு ஏற்றும் சிங்க் மென்பொருளும். ஸ்கேனர் முதல் சில பக்கங்களை எழுதியதும் 'புது ஃபைல் வந்திருக்கிறது' என்று அவை பாய்ந்து திறக்கும். ஸ்கேனர் அடுத்த பக்கத்தைச் சேர்க்க வரும்போது கதவு சாத்தியிருக்கும்.

பேக்கப்போடு சேர்ந்தே வரும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தடுப்பு இன்னொரு காரணம். ஒரே மென்பொருள் அடுத்தடுத்துப் பல ஃபைல்களை எழுதினால் அதற்குச் சந்தேகம் வரும். கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்கேன் யுட்டிலிட்டி அதைத்தானே செய்கிறது. விண்டோஸிலேயே உள்ள 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' வசதியை இயக்கியிருந்தால், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களுக்குள் முன்பின் தெரியாத மென்பொருளை அது எழுத விடாது. தடுத்ததை விண்டோஸ் செக்யூரிட்டியின் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'யிலும், ஈவென்ட் வியூவரில் 1123 என்ற எண்ணிலும் பார்க்கலாம். அங்கே ஸ்கேன் மென்பொருளின் பெயர் இருந்தால், அந்த ஒரு மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். தடுப்பை மொத்தமாக அணைக்க வேண்டாம்.

காலை பத்து மணிக் கூட்டம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோதல்களில் பெரும்பங்கு இந்த ஒன்றில் இருக்கிறது. பேக்கப்பை இரவு எட்டரைக்கு அமைத்திருப்பார்கள். ஏழு மணிக்கே எல்லோரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டிராஃபிக்குக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். பல பேக்கப் மென்பொருள்களில் 'விட்டுப்போன வேலையை கம்ப்யூட்டர் எழுந்ததும் செய்' என்ற அமைப்பு இருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பத்துக் கம்ப்யூட்டரும் எழுந்து, நேற்றைய பேக்கப்பை ஒரே நேரத்தில் தொடங்கும். அதே நேரத்தில்தான் தபாலில் வந்த பில்களை ஒருவர் ஃபீடரில் அடுக்குவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 4 ஜிபி மாற்றம் என்றால் பத்துப் பேருக்கு 40 ஜிபி. சுவிட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் வகை என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 11 எம்பிதான் போகும். ஒரு மணி நேரம் வழி அடைபட்டிருக்கும். கிகாபிட் சுவிட்சில், டிஸ்க் ஈடுகொடுத்தால், அதே 40 ஜிபி ஆறேழு நிமிடத்தில் முடியும். நாள் ஒன்றுக்கு 4 ஜிபி எப்படி மாறும் என்று கேட்கலாம். மெயில்களையெல்லாம் சேர்த்துவைக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் ஒன்றே போதும். ஃபைல் அளவில் நகலெடுக்கும் பேக்கப்புக்கு, ஒரே ஒரு மெயில் வந்தாலும் அந்த முழு ஃபைலும் மாறியதாகத்தான் கணக்கு.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் செலவு கிகாபிட் சுவிட்சாக இருக்கட்டும். பேக்கப் நேரத்தை மதியம் ஒன்றேகாலிலிருந்து கால் மணிக்கு இரண்டு கம்ப்யூட்டர் என்று பிரித்து வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரும் ஸ்கேன் செய்வதில்லை.

வழி ஒன்று: கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர்

பெரும்பாலோர் வைத்திருப்பது இதுதான். செலவில்லை. ஆனால் மோதலுக்கு இடம் அதிகம். ஸ்கேனர், பேக்கப், சிங்க், ஃபயர்வால் எல்லாமே அந்த ஒரு கம்ப்யூட்டரில் சந்திக்கின்றன.

முதல் பிழை இடத் தேர்வு. டாக்குமென்ட்ஸுக்குள் ஸ்கேன் ஃபோல்டரை வைத்திருப்பார்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப்பை இயக்கியதும் டாக்குமென்ட்ஸ் முழுவதும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்ந்துவிடும். மெஷினின் அட்ரஸ் புக்கில் இருப்பதோ பழைய பாதை. சி டிரைவின் முதல் மட்டத்தில், யாருடைய யூசர் ஃபோல்டருக்குள்ளும் சேராமல் ஸ்கேனுக்கென்று ஓர் ஃபோல்டர் செய்யுங்கள். பெயர் இடைவெளியில்லாத சிறிய ஆங்கிலச் சொல்லாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஸ்கேனருக்கென்று தனி லோக்கல் யூசர். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பின் எண் போட்டு நுழைபவரின் பெயரை மெஷினில் கொடுத்தால் வேலை செய்யாது. பின் எண் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் செல்லும். தனி யூசர், காலாவதியாகாத பாஸ்வேர்டு, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் உரிமை. ஷேரிங் பக்கத்தில் 'சேஞ்ச்', செக்யூரிட்டி பக்கத்தில் 'மாடிஃபை' என்று இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். ஒன்றில் விட்டாலும் எழுதாது. பேக்கப்புக்கும் ஸ்கேனருக்கும் ஒரே யூசரைக் கொடுக்கவே கூடாது. பாஸ்வேர்டு மாறிய பிறகும் மெஷின் பழையதை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 11-இன் 22எச்2 முதல், புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களில் பத்துத் தவறான முயற்சிக்குக் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். ஸ்கேன் கெட்டதோடு பேக்கப்பும் சேர்ந்து நிற்கும், காரணம் பிடிபடாது.

மூன்றாவது ஐபி முகவரி. கம்ப்யூட்டருக்கு ரவுட்டரில் முகவரியை ஒதுக்கி நிலைப்படுத்துங்கள். இணைய இணைப்பை மாற்றினால் வரிசையே மாறும். ஜியோ ரவுட்டரின் வழக்கமான வரிசை 192.168.29-இல் தொடங்கும், முன்பு இருந்தது வேறாக இருக்கும். புது பேக்கப்பும் புது இணைப்பும் ஒரே வாரத்தில் வந்தால் பழி பேக்கப் மீது விழும். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் ஃபைல் ஷேரிங்கை ஃபயர்வால் மூடிவிடும்.

நான்காவது, பழைய மெஷின்களின் சிக்கல். எஸ்எம்பி-யின் முதல் பதிப்பை விண்டோஸ் 10, 2017 அக்டோபரில் வந்த 1709 பதிப்பிலிருந்து இயல்பாகச் சேர்ப்பதில்லை. அதே ஆண்டு மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். 'எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணினால் ஸ்கேன் வந்துவிடும்' என்பது உண்மை. ஆனால் பேக்கப் எதிலிருந்து காக்கவேண்டுமோ அதற்கே கதவைத் திறந்துவைக்கும் காரியம் அது. செய்யாதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ப்ரோ, என்டர்பிரைஸ் வகைகள் எஸ்எம்பி சைனிங்கை (அனுப்பியது யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் முத்திரை) கட்டாயமாகக் கேட்கின்றன. பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவையும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் பலரும் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். புதுக் கம்ப்யூட்டர், புது பேக்கப், நின்றுபோன ஸ்கேன் மூன்றும் சேர்ந்து வந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சைனிங். மெஷினுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் இந்த வழியை விட்டு வேறு வழிக்குப் போங்கள்.

இரண்டு, மூன்று கம்ப்யூட்டர் மட்டுமே உள்ள இடத்துக்கு இது போதும். நாள் முழுக்க ஓடும் ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் ஃபோல்டரை வைத்து, அதைத் தொடர் பேக்கப்பிலிருந்து விலக்கி, தினசரி பேக்கப்பில் சேருங்கள். விலக்கியதோடு நின்றால் ஸ்கேன்கள் காப்பில்லாமல் போகும் என்பதால் இரண்டையும் ஒரே அமர்வில் செய்து முடிக்க வேண்டும்.

வழி இரண்டு: கம்ப்யூட்டரிலிருந்து இழுப்பது

மெஷினில் தாளை வைத்துவிட்டு, நாற்காலிக்கு வந்து, கம்ப்யூட்டரில் ஸ்கேன் பட்டனை அமுக்குவது. பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். மோதல் கணக்கில் இது நல்ல வழி. இங்கே தொடர்பு கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகிறது, அதனால் ஷேரும் தேவையில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. உள்ளே வரும் தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வால் பெரும்பாலும் குறுக்கே வராது.

இதையே திருப்பி, மெஷினின் திரையில் கம்ப்யூட்டர் பெயரைத் தொட்டு அனுப்பும் வசதிக்கு நிலைமை வேறு. கம்ப்யூட்டரில் ஒரு யுட்டிலிட்டி காத்திருக்க வேண்டும், அதற்குரிய போர்ட் திறந்திருக்க வேண்டும். பிரதர் மெஷின்களுக்கு யூடிபி 54925, கேனனின் சிறிய மெஷின்களுக்கு யூடிபி 8612. பேக்கப் தொகுப்போடு சேர்ந்து வரும் ஃபயர்வால் மூடுவது இவற்றைத்தான். யூசர் லாக் அவுட் செய்திருந்தாலும் வாங்க ஆளிருக்காது.

நாளுக்குப் பத்துப் பதினைந்து தாள் ஸ்கேன் செய்யும் ஒருவருக்கு இழுக்கும் வழி சரி. நூறு பக்கக் கட்டுகள் வந்தால் கால் வலிக்கும்.

வழி மூன்று: நாஸ் பெட்டி

ஐந்து கம்ப்யூட்டருக்கு மேல் இருந்தால் எங்கள் பரிந்துரை இதுதான், தயக்கமில்லாமல். இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (நெட்வொர்க்கில் நேராக இணையும் சேமிப்புப் பெட்டி) ஒன்று, கிகாபிட் கேபிள், ஒரு யுபிஎஸ். ஸ்கேன் நேராக நாஸில் விழும். எந்தக் கம்ப்யூட்டர் தூங்கினாலும், எதில் பேக்கப் ஓடினாலும் ஸ்கேனுக்குப் பாதிப்பில்லை.

பலன் கிடைப்பது பிரிவினை சரியாக இருந்தால்தான். மூன்று ஷேர் செய்யுங்கள்: ஸ்கேன் இறங்கும் ஃபோல்டர், பெயர் மாற்றிய தாள்கள் போகும் கோப்பு ஃபோல்டர், பேக்கப் ஃபோல்டர். ஸ்கேனருக்கு உள்ள யூசர் முதலாவதில் மட்டும் எழுதலாம். ஊழியர்கள் முதல் இரண்டையும் பார்க்கலாம். பேக்கப் ஃபோல்டரை பேக்கப் மென்பொருளின் யூசரைத் தவிர யாரும் தொடக்கூடாது, எந்தக் கம்ப்யூட்டரிலும் அதை டிரைவ் எழுத்தாக மேப் செய்யக்கூடாது. மேப் செய்த இடத்துக்கு ரான்சம்வேரும் நடந்து போகும்.

இங்கேதான் ஒரு விண்டோஸ் கட்டுப்பாடு பலரைச் சுற்றவிடுகிறது. ஒரே லாகினில், ஒரே சர்வருக்கு, இரண்டு வெவ்வேறு யூசர் பெயரில் நுழைய விண்டோஸ் விடாது. 1219 என்ற பிழை எண் வரும். ஊழியர் காலையில் தன் பெயரில் ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்திருப்பார். அதே லாகினில் பேக்கப் தன் யூசரோடு நாஸுக்குப் போகும்போது மறுக்கப்படும். ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்த நாளில் பேக்கப் விழும், திறக்காத நாளில் ஓடும். தீர்வு எளிது: ஒன்றை நாஸின் பெயரால் அணுகுங்கள், மற்றொன்றை ஐபி முகவரியால். விண்டோஸ் அவற்றை இரண்டு சர்வராக எண்ணிக்கொள்ளும். பேக்கப்பை சிஸ்டம் சர்வீஸாக ஓடவிட்டாலும் இந்தச் சிக்கல் வராது, அது தனி லாகின்.

இரண்டு டிஸ்கில் ஒரே நகல் வைக்கும் ரெய்டு 1, பேக்கப் ஆகாது. தவறாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். நாஸின் ஸ்னாப்ஷாட்டை இயக்குங்கள். இரண்டு வெளி யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். கம்பெனிக் கணக்குகளை 8 நிதியாண்டும், ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதமும் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. ஒற்றை டிஸ்கை நம்பி அத்தனை ஆண்டைக் கடத்த முடியாது. நாஸை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்; வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் விபிஎன் (வெளியார் படிக்க முடியாத தனி இணைப்பு) வழியாக மட்டும். பெஸ்காம் மின்சாரம் போகும் நேரத்தில் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும் என்பதை எண்ணி, நாஸோடு சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் சேருங்கள்.

மெஷினுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும், புதியது வாங்கும் நிலையில்லை என்றால் நாஸின் எஃப்டிபியை (ஃபைல் அனுப்பும் பழைய முறை) ஸ்கேன் ஃபோல்டருக்கு மட்டும் திறக்கலாம். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும். ஆகவே அந்த யூசருக்கு வேறெதிலும் உரிமை இருக்கக்கூடாது, வருபவர்களுக்குக் கொடுக்கும் வைஃபை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே எஃப்டிபி சர்வர் நிறுவுவதை நாங்கள் சொல்லமாட்டோம். போர்ட் 21, பாஸிவ் போர்ட்கள், ஃபயர்வால் விதி என்று புது மோதல்களை விலைகொடுத்து வாங்குவது அது.

மற்ற வழிகள்

மெயிலுக்கு அனுப்புவது பேக்கப்போடு மோதவே மோதாது, ஆனால் அளவு இடிக்கும். ஏ4 தாளை 300 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளி. சுருக்காமல் 26 எம்பி. சுருக்கிய பின் பக்கத்துக்கு 0.6 எம்பி என்று வைத்தாலும் 40 பக்கம் 24 எம்பி. மெயிலுக்காக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி 32 எம்பி ஆகும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐ வைத்தால் தாராளமாகப் போகும், ஆனால் கிரயப் பத்திரத்தின் முத்திரைகள் மங்கும். சாதாரண பாஸ்வேர்டு மட்டும் போட்டு மெஷினிலிருந்து அனுப்புவதை ஜிமெயில் 2022 மே மாதத்தோடு நிறுத்தியது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி மெஷினுக்கென்று கூகுள் தரும் தனி ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். ஆதாரும் பான் கார்டும் மெயில் பெட்டியில் குவிவதை எண்ணி, இதை மாற்று வழியாக மட்டும் வைத்திருங்கள். பென்டிரைவ் எந்த மோதலும் தராது. தொலைந்தால் தகவலும் தராது.

மாறும் வாரம்

புது வழிக்கு மாறியதும் மெஷினின் பழைய பட்டன்களை ஒரு வாரம் விட்டுவைத்து, பிறகு அழித்துவிடுங்கள். இல்லையென்றால் பழக்கத்தில் ஒருவர் பழைய ஃபோல்டருக்கே அனுப்பிக்கொண்டிருப்பார். அது பேக்கப்பிலும் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். ஸ்கேன் இறங்கும் ஃபோல்டரை மாலையில் ஒருவர் பொறுப்பாகக் காலி செய்யட்டும்: கட்சிக்காரர் பெயர், தேதி, ஆவண வகை என்று பெயரிட்டு கோப்பு ஃபோல்டருக்கு நகர்த்துவது. பூஜ்யம் கேபி அளவில் ஏதாவது கிடந்தால் அன்றைக்கே தாளைத் தேடி மறுபடி ஸ்கேன் செய்துவிடலாம். ஒரு மாதம் கழித்து அந்தத் தாள் கட்சிக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் 40 பக்கப் பிடிஎஃப் ஒன்றை பேக்கப்பிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். பிடிஎஃப் ஃபைலின் அட்டவணை அதன் கடைசியில்தான் எழுதப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேக்கப் எடுத்திருந்தால் ஃபைல் அங்கே இருக்கும், அளவும் காட்டும், ஆனால் திறக்கும்போது சேதமடைந்தது என்று சொல்லும். அப்படி ஒன்று கிடைத்தால், உங்கள் பேக்கப் நேரமும் ஸ்கேன் நேரமும் இன்னும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஒன்றேகால் மணியை அரை மணி தள்ளி வையுங்கள்.